இரு மின்னலைகளை ஒப்பிட்டளத்தல்

ஆறும் எட்டும் கூடினாற் பதினான்கு என்பது எண் பயிலும் இளஞ்சிறாரும் அறிந்ததொன்று. ஆயின், மின்சாரத் துறையிற் சிற்சில வேளைகளில் ஆறும் எட்டும் கூடிப் பத்தாகின்றன. இது புலவர் புனைந்துரையன்று. கருவி கொண்டு எவரும் கண்டு தெளியத்தக்க உண்மையேயாம். வீட்டு மின்சாரத்தை 10 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு சிறு மின்மாற்றியை எடுத்து, அதன் இரு முனைகளுக்கிடையே 1000 ஓம் மின்தடை ஒன்றனையும் 2.4 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றனையும் தொடராக இணைத்து வைப்போமாக. மின்தடையின் இருபுறத்தும் வோல்ட்மீட்டரைப் பொருத்தினால் ஏறக்குறைய 6 வோல்ட் காட்டும். மின்தேக்கியின் இருபுறத்தும் பொருத்தினால் ஏறக்குறைய 8 வோல்ட் காட்டும். இரண்டனையும் ஒருங்கு சேர்த்து அளப்பின் 14 வோல்ட் காணப்படுவதில்லை. 10 வோல்ட்டே காணப்படும். எஞ்சிய 4 வோல்ட் எங்குச் சென்றது?

யாண்டும் சென்றிலது. கருவியும் பொய் கூறிற்றில்லை. ஒவ்வோர் அலையும் எவ்வளவு என்று வினவிய நாம், அஃது எப்பொழுது என்று வினவாது விட்டோம். மாறி மாறி ஓடும் மின்சாரத்தில் அளவு மட்டும் அறிந்தவன் பாதியே அறிந்தவனாவான். இரண்டு அலைகளில் எது முந்தியது, எது பிந்தியது, எத்துணை பிந்தியது என்பவற்றையும் உடன் அறிந்தவனே முழுதும் அறிந்தவனாவான். இவ்விருவகை அறிவையும் கருவிகளால் எய்துமாறு யாங்ஙனம் என்பதும், எய்தாதொழியின் விளைவது யாது என்பதும் ஈண்டு ஒரு சிறிது ஆராயப்படும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், எழுத்தை அதன் வடிவு கொண்டு மட்டும் அமையாது, அஃது ஒலிக்கும் காலத்தையும் மாத்திரை என அளந்து வைத்தது நம் இலக்கணம். குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டு மாத்திரையும் வகுத்த மொழியிற் காலக்கணக்கு அயற்பொருள் ஆதல் யாங்ஙனம்?

அலையும் அதன் இலக்கணமும்

மின்கலத்தினின்றும் வரும் மின்சாரம் ஒரே திசையிற் செல்வது. நம் வீடுகட்கு வரும் மின்சாரமோ முன்னும் பின்னுமாகத் திசைமாறி ஓடுவது. அதன் அழுத்தம் சுழியினின்றும் ஏறி, ஓர் உச்சியை அடைந்து, பின் இறங்கிச் சுழியைக் கடந்து, எதிர்ப்புறத்தும் அத்துணையே தாழ்ந்து, மீண்டும் சுழிக்கு வரும். இஃது ஒரு சுற்று. நம் நாட்டு மின்சாரம் ஒரு வினாடியில் இத்தகைய சுற்றுக்கள் 50 நிகழ்த்துகின்றது. ஆதலின் ஒரு சுற்றுக்குரிய காலம் 20 மில்லிவினாடியாம்.

இவ்வலைக்கு இலக்கணம் மூன்று. உச்சியின் உயரம் வீச்சு எனப்படும். வினாடிக்கு நிகழும் சுற்றுக்களின் தொகை அதிர்வெண் எனப்படும். அதற்கு அலகு ஹெர்ட்ஸ். ஒரு குறித்த கணத்தில் அலையானது தன் சுற்றின் எப்பகுதியில் நிற்கின்றது என்பது கட்டம் எனப்படும். 230 வோல்ட் என்று சொல்லப்படும் வீட்டு மின்சாரத்தின் உச்சி ஏறக்குறைய 325 வோல்ட் ஆகும். வோல்ட்மீட்டர் உச்சியைக் காட்டாமல், வெப்பம் விளைக்கும் திறத்தால் அதற்கு ஒத்த ஒரு சராசரி அளவையே காட்டுகின்றது. இரண்டு அலைகளை ஒப்பிடுங்கால் இவ்விரு கணக்கிலும் விகிதம் ஒன்றேயாதலின், எதனைக் கொள்ளினும் குற்றமின்று.

கட்டத்தைப் பாகைக்கணக்கால் உரைப்பது மரபு. ஒரு முழுச்சுற்று 360 பாகை, அரைச்சுற்று 180, காற்சுற்று 90. 50 ஹெர்ட்ஸ் அலையில் ஒரு பாகைக்குரிய காலம் ஏறக்குறைய 55.6 மைக்ரோவினாடி. ஓர் அலை மட்டும் இருக்குங்கால் அதன் கட்டத்தைப்பற்றிப் பேசுதலாற் பயன் சிறிதே. இரண்டு அலைகள் உளவாய வழி, ஒன்றை அடிப்படையாகக் கொண்டு மற்றதன் முந்துதலையும் பிந்துதலையும் கூறுதலே கட்ட வேறுபாடு என்பது.

இசை பயின்றார்க்கு இது புதிதன்று. தாளமும் பாட்டும் ஒருங்கு தொடங்கின் சம எடுப்பு என்பர். பாட்டு முன்னும் தாளம் பின்னுமாகத் தொடங்கின் அதீத எடுப்பு என்பர். தாளம் தொடங்கிய பின்னர்ப் பாட்டுத் தொடங்கின் அனாகத எடுப்பு என்பர். மூன்றிடத்தும் காலப்பிரமாணம் ஒன்றே. பாடுவோர் குரலின் வலிமையும் ஒன்றேயாகலாம். எடுப்பு ஒன்றே வேறுபாடு. மின்னலைகளின் அதிர்வெண்ணைக் காலப்பிரமாணத்திற்கும், வீச்சைக் குரலின் வலிமைக்கும், கட்டத்தை எடுப்பிற்கும் ஒப்பிட்டுக் கொள்க. காலப்பிரமாணம் வேறுபட்ட இருவருக்கிடையே எடுப்பு நிலைத்து நில்லாதவாறுபோல, அதிர்வெண் வேறுபட்ட ஈரலைகட்கிடையே கட்ட வேறுபாடும் நிலைத்து நில்லாது, கணந்தோறும் மாறிக்கொண்டே செல்லும். ஆதலின் அதிர்வெண் ஒத்த அலைகளையே இங்ஙனம் ஒப்பிட்டு அளத்தல் கூடும்.

ஆறும் எட்டும் பத்தாதல்

இனி முன் தொடுத்த வினாவிற்கு விடை காண்பாம். மின்தடையில் அழுத்தமும் ஓட்டமும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கும். மின்தேக்கியில் அவ்வாறன்று. ஒரு தொட்டியில் வாய்க்கால் நீர் பாய்வதைக் கருதுக. நீர்வரத்து மிக்கிருக்கும் பொழுது தொட்டியின் மட்டம் விரைந்து ஏறுமேயன்றி, அப்பொழுதே உச்சியை அடைந்துவிடாது. வரத்துக் குறைந்து குறைந்து முற்றும் நின்றபொழுதே மட்டம் மிக உயர்ந்திருக்கும். அதுபோல மின்தேக்கியில் ஓட்டம் உச்சியில் இருக்கும்போது அழுத்தம் சுழியைக் கடக்கும். ஓட்டம் சுழியாகும் போதே அழுத்தம் உச்சியை அடையும். எனவே மின்தேக்கியின் அழுத்தம் ஓட்டத்திற்குக் காற்சுற்று, அஃதாவது 90 பாகை, பிந்துகின்றது.

தொடராக இணைந்த இரண்டன் வழியும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே. ஆகலின் மின்தடையின் 6 வோல்ட் தன் உச்சியில் நிற்குங்கால், மின்தேக்கியின் 8 வோல்ட் சுழியில் நிற்கும். இது உச்சியை எய்துங்கால் அது சுழிக்கு வந்துவிடும். எந்தக் கணத்தை எடுத்துக்கொள்ளினும் அக்கணத்து அழுத்தங்கள் இரண்டும் பள்ளிக்கணக்கின்படியே கூடுகின்றன. உச்சிகள் மட்டும் ஒரு பொழுதும் ஒருங்கு வாராமையின் 14 என்னும் கூட்டுத்தொகை நிகழ்வதற்கு இடமில்லை.

இதனை வரைந்து காண்டலும் எளிது. 6 அலகு நீளமுள்ள அம்பு ஒன்றை வரைந்து, அதன் முனையினின்றும் செங்கோணமாக 8 அலகு நீளமுள்ள மற்றோர் அம்பை வரைக. தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் கோடு 10 அலகாக இருக்கும். அம்பின் நீளம் அளவையும், அதன் திசை கட்டத்தையும் குறிக்கும். இத்தகைய அம்புகளை எண்களைப் போலவே கூட்டவும் பெருக்கவும் கூடும் என்று கலப்பெண் கணிதத்தைக் கொண்டு 1893இல் சிக்காகோ நகரத்து மின்னியல் மாநாட்டில் எடுத்துரைத்தவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்பவர். அதன்பின் மாறுமின்னோட்டக் கணக்குகள் மிக எளியவாயின.

கட்ட வேறுபாடு 90 பாகையன்றிப் பிறவாயின் கூட்டுத்தொகையும் பிறவாம். 6 வோல்ட்டும் 8 வோல்ட்டும் ஒரே கட்டத்தில் நின்றால் 14. 60 பாகை வேறுபட்டால் ஏறக்குறைய 12.2, 90 பாகை வேறுபட்டால் 10, 180 பாகை வேறுபட்டு ஒன்றையொன்று முற்றும் எதிர்த்தால் 2. ஒரே இரண்டு அளவுகள் கட்டத்தின் வயப்பட்டு 14 முதல் 2 வரை எதனையும் தரவல்லன என்பது இதனாற் பெறப்படும்.

அளக்கும் முறைகள் நான்கு

முதலாவது, இரு கோட்டு முறை. ஆஸிலாஸ்கோப் என்னும் கருவி மின்னலையின் வடிவைத் திரையில் வரைந்து காட்டுவது. இருவழிக் கருவியாயின் ஈரலைகளையும் ஒருங்கே காட்டும். மேற்கூறிய இணைப்பில் மின்மாற்றியின் 10 வோல்ட்டை முதல்வழிக்கும், மின்தேக்கியின் 8 வோல்ட்டை இரண்டாம் வழிக்கும் கொடுக்க. இவ்விரு வழிக்கும் தரைமுனை பொதுவாதலின், மின்தேக்கியின் ஒரு முனையே அப்பொதுமுனையாக அமையுமாறு இணைத்தல் வேண்டும். திரையில் இரண்டாம் அலையின் உயரம் முதலலையின் உயரத்தில் 0.8 பங்காக இருக்கும். இதுவே அளவு வேறுபாடு. டெசிபெல் கணக்கில் ஏறக்குறைய 1.94 குறைவு என்பர். பின்னர், இரண்டும் சுழியைக் கடந்து மேனோக்கி ஏறும் இடங்களுக்கிடையே உள்ள காலத்தை அளக்க. அஃது ஏறக்குறைய 2.05 மில்லிவினாடியாகக் காணப்படும். ஒரு சுற்று 20 மில்லிவினாடி ஆதலின், 2.05ஐ 20ஆல் வகுத்து 360ஆற் பெருக்கினால் 36.9 பாகை வரும். மின்தேக்கியின் அழுத்தம் மின்மாற்றியின் அழுத்தத்திற்கு இத்துணைப் பாகை பிந்துகின்றது என்க. இம்முறையின் சிறப்பு, பிந்துவது எது என்பதும் கண்ணாற் காணப்படுதலே. இதன் குறை, அலை நடுங்குங்கால் சுழியைக் கடக்கும் இடம் ஐயத்திற்கு இடமாதல்.

இரண்டாவது, லிஸாஜூ முறை. பிரான்சு நாட்டு அறிஞர் ழூல் லிஸாஜூ, இசைக்கவைகளிற் சிறு கண்ணாடிகளைப் பொருத்தி, அவற்றில் ஒளிக்கதிரைத் தெறிக்கச் செய்து, ஒன்றற்கொன்று குறுக்காக நிகழும் ஈரதிர்வுகள் கூடி வரையும் அழகிய உருவங்களை 1857இல் விளக்கிக் காட்டினார். அவ்வுருவங்களை ஆஸிலாஸ்கோப்பும் வரையவல்லது. ஓரலையைக் கிடையசைவிற்கும், மற்றோரலையைச் செங்குத்தசைவிற்கும் கொடுத்தால், கட்டம் ஒத்தவழிச் சாய்ந்த நேர்கோடும், 90 பாகை வேறுபட்டு உயரமும் ஒத்தவழி வட்டமும், இடைப்பட்டவழிச் சாய்ந்த நீள்வட்டமும் தோன்றும். நம் எடுத்துக்காட்டிற் கிடைவீச்சு 5 பிரிவாகவும், செங்குத்து வீச்சு 4 பிரிவாகவும் அமைத்தால், நீள்வட்டம் நடுச்செங்குத்துக் கோட்டை மையத்திலிருந்து 2.4 பிரிவு உயரத்தில் வெட்டும். 2.4ஐ 4ஆல் வகுக்க 0.6, எந்தக் கோணத்தின் சைன் 0.6 எனப் பட்டியலைப் பார்த்தால் 36.9 பாகை என வரும். முன்முறையால் வந்த விடையும் இதுவே என்பது காண்க.

இம்முறை கட்டம் ஒத்தல் ஒவ்வாமையை அறிதற்கு மிக நுண்ணியது. நேர்கோடு சற்றே பிளந்து வாய்திறப்பினும் கண் உடனே கண்டுகொள்ளும். ஆயின் குறை இரண்டு உள. 90 பாகையை அணுகுமிடத்துச் சைன் மதிப்பு மிக மெல்ல மாறுதலின், 80 பாகைக்கும் 90 பாகைக்கும் இடையே உருவ வேறுபாடு சிறிதேயாம். அன்றியும், நிலைத்து நிற்கும் உருவத்தைக் கொண்டு முந்தியது எது, பிந்தியது எது எனக் கூறலாகாது. அதனை அறிய விரும்பினார், ஒருவழியிற் சிறிது காலத்தாழ்வைத் தாமே புகுத்தி, நீள்வட்டம் அகல்கின்றதா ஒடுங்குகின்றதா என்று நோக்குதல் வேண்டும்.

மூன்றாவது, மூன்று வோல்ட் முறை. ஆஸிலாஸ்கோப் இல்லாதார்க்கும் வோல்ட்மீட்டர் ஒன்று போதியது. மின்மாற்றியின் அழுத்தம் 10, மின்தேக்கியின் அழுத்தம் 8, இவ்விரண்டன் வேறுபாடாகிய மின்தடையின் அழுத்தம் 6. மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்திற் கோணம் காண்டல் கணிதம் பயின்றார்க்கு அரிதன்று. 10இன் வர்க்கம் 100. 8இன் வர்க்கம் 64. இரண்டின் தொகை 164. அதனில் 6இன் வர்க்கமாகிய 36ஐக் கழிக்க 128. இதனை 10, 8 என்பவற்றின் பெருக்கத்தின் இருமடங்காகிய 160ஆல் வகுக்க 0.8. கோசைன் 0.8 ஆகிய கோணம் 36.9 பாகையே. எனினும், இம்முறையும் முந்தியது எது என்பதனைக் கூறமாட்டாது. கோணம் மிகச் சிறிதாயவழி, ஒன்றையொன்று ஒத்த இரு பேரெண்களின் சிறு வேறுபாட்டை நம்பி நிற்கவேண்டுதலின் பிழையும் பெருகும்.

நான்காவது, பெருக்கல் முறை. கருவிகள் தாமே கட்டத்தைக் காணும் நெறிகளுள் மிகுதியும் பயன்படுவது இதுவே. ஈரலைகளையும் கணந்தோறும் பெருக்கிச் சராசரி காண்போமாயின், ஒரே கட்டத்தில் நிற்பன இரண்டும் ஒருங்கே மிகையாகவும் ஒருங்கே குறையாகவும் இருத்தலின், பெருக்கம் எஞ்ஞான்றும் மிகையாகவே வரும். 90 பாகை வேறுபடின், சுற்றிற் பாதி மிகையும் பாதி குறையுமாகிச் சராசரி சுழியாம். 180 பாகை வேறுபடின் என்றும் குறையாம். சுருங்கச் சொல்லின், சராசரியானது இரண்டின் வீச்சையும் கட்டக்கோணத்தின் கோசைனையும் பெருக்கியதற்கு ஏற்ப அமையும். அடிப்படையலையை 90 பாகை தாழ்த்தி மீண்டும் ஒருமுறை பெருக்கினால் சைனும் கிடைக்கும். கோசைனும் சைனும் ஒருங்கு கிடைத்தபின் அளவு, கட்டம், முந்துதல், பிந்துதல் ஆகிய யாவும் ஐயமின்றித் துணியப்படும்.

இம்முறைக்கு மற்றொரு பெருஞ்சிறப்பும் உண்டு. வேறு அதிர்வெண்ணுள்ள அலைகள் இடையே கலந்து வரினும், அவற்றின் பெருக்கம் நெடுநேரச் சராசரியிற் சுழியாகிவிடும். பதரைப் புறத்தே தள்ளி மணியை அகத்தே கொள்ளும் முறம்போல, இம்முறை நாம் விரும்பிய அலையை மட்டும் தெரிந்தெடுத்துக் கொள்ளும். பேரிரைச்சலிற் புதைந்து கிடக்கும் மெல்லிய அலைகளையும் ஆய்வுச்சாலையார் இந்நெறியாலேயே வெளிக்கொணர்கின்றனர். இக்காலத்துக் கருவிகள் அலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை எண்ணாக மாற்றி, அவ்வெண்களைச் சைன் கோசைன் எண்களாற் பெருக்கிக் கூட்டி விடை தருகின்றன. வீட்டுச் சுவரில் உள்ள மின்னளவியும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கிக் கூட்டுவதே. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும்போது இரண்டும் ஒரே கட்டத்தில் இருப்பின் ஆற்றல் 2300 வாட். 60 பாகை வேறுபடின் 1150 வாட்டே. கம்பியோ இரண்டிடத்தும் 10 ஆம்பியரையே சுமந்து அத்துணையே சூடேறும். தொழிற்சாலையார் மின்தேக்கிகளை அமைத்து இக்கோணத்தைக் குறைக்க முயல்வது இதுபற்றியே.

அளவையிற் புகும் பிழைகள்

ஒன்றை மற்றொன்றனோடு ஒப்பிடுங்கால் அளவுகோல்கள் இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். கேபிள் கம்பியில் மின்னலை ஒரு நானோவினாடியில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே ஒரு வழியின் கேபிள் மற்றதனினும் ஒரு மீட்டர் நீண்டிருப்பின் அவ்வழி 5 நானோவினாடி பிந்தும். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு இது பொருட்படுத்தத் தக்கதன்று. 1 கோடி ஹெர்ட்ஸ் அலைக்கோ ஒரு சுற்றே 100 நானோவினாடியாதலின், அவ்வொரு மீட்டர் கேபிள் 18 பாகைப் பொய்யை விளைக்கும். இதற்குப் பரிகாரம் எளிது: முதலில் ஓரலையையே இரு வழிக்கும் கொடுத்து, கருவி சுழி காட்டுகின்றதா என்று நோக்குக. காட்டாதாயின், அவ்வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு பின்னர்க் கழித்துவிடுக. அன்றி, ஒருமுறை அளந்தபின் இரண்டு ப்ரோப்புகளையும் வழியோடு இடம் மாற்றி மீண்டும் அளந்து சராசரி கொள்ளினும் கருவியின் பிழை நீங்கும்.

சுழிக்கோடு பற்றியும் எச்சரிக்கை வேண்டும். அலையோடு சிறிது நேர்மின்னழுத்தம் கலந்திருப்பின் அலை முழுதும் மேலேறித் தோன்றும்; சுழியைக் கடக்கும் இடமும் பிறழும். கருவியைப் பொருத்துதலால் அளக்கப்படும் பொருளே மாறுதலும் உண்டு. ஆகலின், அளக்கும் கருவியின் தடை அளக்கப்படும் பொருளின் தடையினும் பன்மடங்கு மிக்கிருத்தல் இன்றியமையாதது. இச்சோதனையைச் செய்ய முனையும் மாணவர் வீட்டு மின்சாரத்தை ஒருபொழுதும் ஆஸிலாஸ்கோப்பில் நேரே இணைத்தலாகாது. குறைந்த அழுத்தம் தரும் மின்மாற்றி வழியாக, ஆசிரியர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும்.

இவ்வளவையாற் பயன்

இவை யாவும் ஆய்வுச்சாலை மேசைமேல் நிகழும் விளையாட்டுப் போலும் எனக் கருதுவார் உளராயின், மின்னாக்க நிலையங்களை நோக்குக. ஓடிக்கொண்டிருக்கும் மின்தொகுப்போடு புதிதாக ஒரு மின்னாக்கியை இணைக்க வேண்டுமாயின், அழுத்தம் ஒத்தல், அதிர்வெண் ஒத்தல், மூன்று கம்பிகளின் வரிசை ஒத்தல் ஆகிய இவற்றோடு கட்டமும் ஒத்தல் வேண்டும். இருபுறமும் 230 வோல்ட்டாகவே இருப்பினும், கட்டம் 10 பாகை வேறுபட்டால் இணைப்புவாயின் இடையே 40 வோல்ட் நிற்கும். 60 பாகை வேறுபட்டால் 230 வோல்ட் முழுதும் நிற்கும். 180 பாகை வேறுபட்டால் 460 வோல்ட் நிற்கும். அந்நிலையில் இணைப்பின், பெருமின்னோட்டம் பாய்ந்து மின்னாக்கியின் சுருளையும் அச்சையும் சிதைத்துவிடும். முற்காலத்தில் இணைப்புவாயின் குறுக்கே விளக்குகளை மாட்டி, அவை ஒளிர்ந்து மங்கி முற்றும் அணைந்திருக்கும் இடைநேரம் பார்த்து இணைத்தனர். பின்னர் வட்டமுகத்தில் முள்சுழலும் ஸிங்க்ரோஸ்கோப் என்னும் கருவி வந்தது. இரண்டும் அளப்பது கட்ட வேறுபாடொன்றையே.

இணைந்தபின்னும் கட்டத்தின் ஆட்சி நீங்குவதில்லை. நெடுந்தொலைக் கம்பியில் ஆற்றல் கட்டம் முந்திய இடத்திலிருந்து பிந்திய இடத்திற்குச் செல்லும். கோணம் வளர வளர ஆற்றலும் வளரும். 90 பாகையைக் கடந்தபின்னோ தளரும். அவ்வெல்லையைக் கடந்த இரு பகுதிகள் தாளம் தப்பி ஒன்றையொன்று இழுத்து, ஈற்றிற் பிரிந்துவிடும்.

2012ஆம் ஆண்டு சூலை 30, 31 ஆகிய நாட்களில் நம் நாட்டில் நிகழ்ந்த பெருமின்தடை இதற்குச் சான்று. முதல்நாள் வடமண்டலமும், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மும்மண்டலங்களும் இருளில் ஆழ்ந்தன. மறுநாள் அல்லலுற்றோர் 60 கோடிக்கு மேற்பட்டோர் ஆவர். ரயில்கள் வழியில் நின்றன. டில்லி மெட்ரோவும் நின்றது. இரண்டு நாளும் வீழ்ச்சிக்குத் தொடக்கமாக அமைந்தது பீனா நகரத்தையும் குவாலியர் நகரத்தையும் இணைக்கும் 400 கிலோவோல்ட் கம்பி துண்டிக்கப்பட்டமை. அக்கம்பியிற் பழுது யாதும் காணப்படவில்லை என்று ஆராய்ச்சிக் குழு உரைத்தது. பின் துண்டித்தது யார் எனின், காவற்கருவியாகிய ரிலே.

இவ்வகை ரிலே செய்யும் தொழில் நாம் இதுவரை கூறிய தொழிலே. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து அளவையும், இரண்டிற்கும் இடைப்பட்ட கோணத்தையும் கண்டு, கம்பியிற் பழுது உளதா இலதா எனத் துணிவது அது. பழுது நேர்ந்தவழி அழுத்தம் தாழ்ந்து, ஓட்டம் மிகுந்து, ஓட்டம் பெருங்கோணத்தாற் பிந்தும். இயல்பான சுமையிற் கோணம் சிறிது. ஆயினும் சுமை அளவிறந்து ஏறி அழுத்தமும் தாழுங்கால், சுமையே பழுதின் எல்லைக்குள் அடியெடுத்து வைத்துவிடும். அந்நாட்களில் நிகழ்ந்தது அதுவே. அளவாற் பழுதுபோலத் தோன்றுவதைக் கோணத்தாற் சுமையென்று பிரித்தறியும்படி ரிலேயின் எல்லையை வகுத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனாற் புலனாம்.

அவ்விரு நாட்களிலும் தென்மண்டலம் வீழாது நின்றது. அக்காலத்துத் தென்மண்டலம் ஏனைய மண்டலங்களோடு நேர்மின்னோட்ட இணைப்புக்களால் மட்டும் தொடர்புற்றிருந்தமை அதற்கு ஒரு காரணம். நேர்மின்னோட்டத்திற்குக் கட்டம் இல்லை. ஆகலின் வடக்கே தாளம் தப்பியமை தெற்கே வந்து பற்றவில்லை. 2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர், சோலாப்பூர் ஆகிய நகரங்களை இணைக்கும் 765 கிலோவோல்ட் கம்பி வாயிலாகத் தென்மண்டலமும் ஏனையவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. இன்று நெய்வேலியில் எழும் மின்னலையும் இமயச்சாரலில் எழும் மின்னலையும் ஒரே காலப்பிரமாணத்திற் செல்வன. எடுப்பு மட்டும் இடந்தோறும் வேறு. துணை ஒன்று கிடைத்தது. தாளம் காக்கும் பொறுப்பும் உடன் வந்தது.

இத்துணை அகன்ற பரப்பில் எடுப்பை அளப்பது யாங்ஙனம்? ஓராயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஈரலைகளை ஒரே ஆஸிலாஸ்கோப்பில் இணைத்தல் இயலாது. இருவிடத்தும் ஒரே கடிகாரம் வேண்டும். அக்கடிகாரம் வானில் உலவும் செயற்கைக்கோள்களிலிருந்து கிடைக்கின்றது. இந்தியாவிற் பிறந்த அருண் பாட்கே என்பவரும் ஜேம்ஸ் தார்ப் என்பவரும் இத்துறையில் உழைத்தோர்; 1988இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இதற்குரிய முதற்கருவி உருவாயிற்று. ஒரு மைக்ரோவினாடிக் காலப்பிழை 50 ஹெர்ட்ஸ் அலையில் 0.018 பாகையே ஆதலின், செயற்கைக்கோட் கடிகாரம் இப்பணிக்கு முற்றும் போதியது. தொலைவிலுள்ள நிலையங்கள் தத்தம் அலையைப் பெருக்கல் முறையால் ஆய்ந்து, அளவையும் கட்டத்தையும் நேரக்குறிப்போடு அனுப்ப, நடுநிலையத்தார் கோணம் விரிவதை முற்படக் கண்டு தடுக்க முயல்கின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், மாறுமின்னோட்டத்தில் ஓர் அளவென்பது நீளமும் திசையும் உடைய அம்பு என்பதும், அவ்விரண்டையும் அறிய வழிகள் நான்கு உள என்பதும், அவை யாவும் தம்முள் முரணாது ஒரே விடையைத் தருவன என்பதும், அவ்விடை பிறழின் ஒரு மின்னாக்கியின் அச்சு முதல் நாட்டின் பாதி வரை கேடுறும் என்பதும் பெறப்பட்டன. 10 வோல்ட் மின்மாற்றி, 1000 ஓம் மின்தடை, 2.4 மைக்ரோபாரட் மின்தேக்கி ஆகிய மூன்றும் சில நூறு ரூபாய்க்குள் அடங்குவன. எம் சொல்லை நம்பி அமையாது, மாணவ நண்பர்கள் தாமே ஆறையும் எட்டையும் கூட்டிப் பார்ப்பாராக. நான்கு முறைகளாலும் அளந்து, நான்கிலும் 36.9 பாகைக்கு அணித்தாய விடை வருவதைக் கண்ட பின்னரே இக்கட்டுரையை முழுதும் படித்தவராவர்.